பாடகர் போன பின்: த போக்ஸ் குழுவின் கடைசி இரண்டு ஆல்பங்கள்

1. கேள்வி

1991இல் ஜப்பானின் யோகஹாமா நகரில் நடந்த வோமாட் இசை விழாவுக்குப் போயிருந்த இடத்தில், த போக்ஸ் குழுவினர் தங்கள் முன்னணிப் பாடகர் ஷேன் மெக்கவனைக் குழுவிலிருந்து விலக்கினார்கள். குடியும் போதைப்பொருளும் அவர் உடலை அழித்துக்கொண்டிருந்தன; அவர் மேடைக்கு வருவாரா, வந்தால் பாடுவாரா என்பது ஒவ்வொரு இரவும் சந்தேகமாகியிருந்தது. குழுவின் அக்கார்டியன் கலைஞர் ஜேம்ஸ் ஃபியர்ன்லி 2012இல் எழுதிய நினைவுநூல் அந்த விலக்கல் கூட்டத்தோடுதான் தொடங்குகிறது. ஆனால் குழு கலையவில்லை. 'த க்ளாஷ்' குழுவின் பழைய பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் சில மாதங்கள் மேடையில் அந்த இடத்தை நிரப்பினார். பிறகு குழுவின் டின் விசில் கலைஞர் ஸ்பைடர் ஸ்டேசி முன்னால் வந்து நின்று பாடினார். அவர் குரலில் 1993இல் 'வெயிட்டிங் ஃபார் ஹெர்ப்', 1996இல் 'போக் மஹோன்' என இரண்டு ஆல்பங்கள் வந்தன. இரண்டாவது வெளிவந்த ஆண்டிலேயே குழு முடிவுக்கு வந்தது.

இந்த இரண்டு ஆல்பங்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. எழுதியவர்களும் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அவற்றைக் கடந்துவிடுகிறார்கள்: மெக்கவன் இல்லாமல் போக்ஸ் இல்லை. இதற்கு எதிரணியில் ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்களுக்கு இவை கவனிக்கப்படாமல் போன அரிய படைப்புகள். இரண்டு தரப்பும் ஒரு கேள்வியைக் கேட்காமலே பதில் சொல்கின்றன என்பது என் எண்ணம். மெக்கவன் போனபோது குழுவிடமிருந்து உண்மையில் எது போனது? குரலா, பாடல் எழுதும் திறனா, அயர்லாந்து என்ற அடையாளமா? இம்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தால், எதுவுமே முழு விடையாகவில்லை. போனது வேறொன்று. அதை மீட்க ஒரு வழியும் அவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அந்த வழியில் அவர்கள் போகவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. வழக்கமான தீர்ப்பு

1982இல் லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் தொடங்கிய குழு இது. அயர்லாந்தின் பழைய கதைப்பாடல்களையும் குடிப்பாடல்களையும் பங்க் இசையின் வேகத்திலும் மூர்க்கத்திலும் வாசித்தார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் இடத்தில் பாஞ்சோவும் அக்கார்டியனும் டின் விசிலும் முன்னின்றன. அதைத்தான் பிற்பாடு ஃபோக்-பங்க் என்று அழைத்தார்கள். 1984இல் முதல் ஆல்பம். 1985இல் எல்விஸ் காஸ்டெல்லோ தயாரித்த 'ரம், சோடமி அண்ட் த லாஷ்'. 1988இல் ஸ்டீவ் லில்லிஒயிட் தயாரித்த 'இஃப் ஐ ஷுட் ஃபால் ஃபிரம் கிரேஸ் வித் காட்'. புகழ் இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. 1987 கிறிஸ்துமஸுக்கு வந்த 'ஃபெயரிடேல் ஆஃப் நியூயார்க்' அயர்லாந்தில் முதலிடத்தையும் பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் பிடித்தது. இன்றுவரை ஒவ்வொரு டிசம்பரிலும் அது திரும்பி வருகிறது.

எல்லாவற்றின் நடுவிலும் மெக்கவன் என்னும் ஓர் ஆளுமை நின்றதால், எல்லாமே அவருடையது என்ற எண்ணம் இயல்பாகப் பரவிற்று. ஆனால் ஆல்பங்களின் உறைகளில் அச்சாகியிருக்கும் பாடலாசிரியர் பெயர்களைப் படித்தால் கதை வேறுவிதமாக இருக்கிறது. 'ஃபெயரிடேல்' பாடலே மெக்கவனும் பாஞ்சோ கலைஞர் ஜெம் ஃபைனரும் சேர்ந்து எழுதியது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அயர்லாந்துக்காரர்களைப் பற்றிய 'தௌசண்ட்ஸ் ஆர் செய்லிங்', குழுவின் மிகச் சிறந்த பாடல்களில் ஒன்றென்று பலரும் ஒப்புக்கொள்வது, கிட்டார் கலைஞர் பிலிப் ஷெவ்ரான் எழுதியது. 1989இல் வந்த 'பீஸ் அண்ட் லவ்' ஆல்பத்தின் 14 பாடல்களில் மெக்கவன் எழுதியவை ஆறுதான். மற்றவற்றை ஃபைனர், ஷெவ்ரான், டெர்ரி வுட்ஸ் முதலியோர் எழுதினார்கள். விலக்கல் நடப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, எழுத்தைப் பொறுத்தவரை, போக்ஸ் பாதிக்கு மேல் மெக்கவன் இல்லாத குழுவாகிவிட்டது. அடுத்து ஸ்ட்ரம்மர் தயாரித்த 'ஹெல்ஸ் டிச்' (1990) ஆல்பத்தில் அவர் மீண்டும் பெரும்பங்கு எழுதினார் என்பதும் உண்மை. ஆனால் அதற்குள் குரல் தேய்ந்திருந்தது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளிவருகின்றன. சில இடங்களில் குழு அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசிப்பது காதுக்கே தெரிகிறது.

இன்னொரு சான்றையும் வழக்கமான தீர்ப்பு கண்டுகொள்வதில்லை. 2001இல் மெக்கவன் திரும்ப வந்தார். குழு மீண்டும் கூடிற்று. 2014 வரை மேடைகளில் வாசித்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அவர்கள் ஒரு புதிய ஆல்பமும் பதிவுசெய்யவில்லை. தனியாகப் போன மெக்கவனும் 'த போப்ஸ்' என்ற குழுவோடு 1994இலும் 1997இலும் இரண்டு ஆல்பங்கள் தந்தார். நல்ல பாடல்கள் அவற்றில் உண்டு. ஆனால் 1985இன், 1988இன் உயரத்தை அவை எட்டின என்று அவருடைய தீவிர ரசிகர்கள்கூடச் சொல்லத் தயங்குவார்கள். போக்ஸ் இல்லாத மெக்கவனும் குறைவுபட்டே இருந்தார். ஒருவரை மட்டும் எடுத்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்பது உண்மையானால், அந்த ஒருவர் போன இடத்துக்கு எல்லாம் கூடவே போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

3. 'வெயிட்டிங் ஃபார் ஹெர்ப்'

1993இன் ஆல்பத்தை அதன் பெயருக்காக மன்னித்தோ தண்டித்தோ கேட்காமல், வெறும் இசையாகக் கேட்டால் முதலில் வியப்பு ஏற்படும். நன்றாக வாசித்திருக்கிறார்கள். ஃபியர்ன்லி, ஷெவ்ரான், வுட்ஸ் என மூத்த கைகள் எல்லாம் இன்னும் உள்ளே இருக்கின்றன. தயாரித்தவர் கனடாவைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் மைக்கேல் புரூக். நுஸ்ரத் ஃபதே அலி கானோடு 'முஸ்த் முஸ்த்' ஆல்பத்தை உருவாக்கிய அதே புரூக். (தமிழ் வாசகருக்கு இன்னொரு வழியிலும் அவர் தெரிந்தவராக இருக்கலாம். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸோடு அவர் சேர்ந்து செய்த 'ட்ரீம்' 1995இல் வந்தது.) ஒவ்வொரு இசைக்கருவிக்கும் இடம்விட்டு, ஒலிகளுக்கு நடுவே காற்றோட்டம் வைத்துப் பதிவுசெய்வது அவர் பாணி. முதல் ஆல்பங்களில் குடிக்கூடத்தில் ஆட்கள் இடித்துக்கொண்டு நிற்பதுபோல் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் முன்னால் வரும். இங்கே அவரவர் இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள்.

வணிக அளவிலும் இது தோல்வியல்ல. ஸ்டேசி எழுதிய 'ட்யூஸ்டே மார்னிங்' பிரிட்டனின் தனிப்பாடல் பட்டியலில் 18ஆம் இடம் வரை போயிற்று. முந்தைய ஆல்பமான 'ஹெல்ஸ் டிச்'சின் எந்தத் தனிப்பாடலும் அந்த இடத்தை நெருங்கவில்லை. ஆல்பம் முதல் இருபதுக்குள் வந்தது. 'அவர் போனதும் கேட்பாரற்றுப் போனார்கள்' என்னும் வழக்கமான சித்திரம் 1993க்குப் பொருந்தாது. அது 1996க்குப் பொருந்துவது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது சோம்பேறித்தனம்.

பாடல்களை எழுதியவர்களும் பலர்: ஸ்டேசி, ஃபைனர், ஃபியர்ன்லி, பேஸ் கிட்டார் வாசித்த டேரில் ஹன்ட், டிரம்ஸ் வாசித்த ஆண்ட்ரூ ராங்கன். நிலப்பரப்பும் அகன்றது. எகிப்தின் வாடி ஹம்மாமாத் பள்ளத்தாக்கு ஒரு பாடலின் தலைப்பில் இருக்கிறது. ஜப்பானின் பச்சிங்கோ சூதாட்டம் இன்னொன்றில். ஃபியர்ன்லியின் 'டிரங்கன் போட்', பிரெஞ்சுக் கவிஞர் ரம்போவின் புகழ்பெற்ற கவிதையின் தலைப்பைச் சூட்டிக்கொண்டு கடலுக்குள் போகிறது. என் கணிப்பில் ஆல்பத்தின் உச்சம் அதுதான். 1988இன் ஆல்பத்தில் வைத்தாலும் கூசாமல் நிற்கும்.

ஆனாலும் ஆல்பம் முடியும்போது ஏதோ ஒன்று கையில் நிற்கவில்லை. மெட்டுகள் நினைவில் இருக்கின்றன. யாரையும் சந்தித்ததாக நினைவில்லை. இதை வெறும் மனப்பதிவாக விட்டுவிடாமல், பழைய பாடல்கள் எப்படி இயங்கின என்று பார்க்க வேண்டும்.

4. பாடலுக்குள் பேசுபவர்

'ரம், சோடமி அண்ட் த லாஷ்' ஆல்பத்தின் பாடல்களை வரிசையாக எடுத்துக்கொள்ளலாம். 'தி ஓல்ட் மெயின் டிராக்' பாடலில் பேசுபவன், லண்டனுக்கு வந்து தெருவில் உடலை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட ஒரு பையன். 'எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்' பாடலில் குடிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், பக்கத்தில் இருக்கும் வயதானவர் சொல்லும் போர்க்கதையைக் கேட்கிறான். இருவர் இழப்பும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கின்றன. 'அண்ட் த பேண்ட் ப்ளேய்ட் வால்ட்ஸிங் மட்டில்டா' மெக்கவன் எழுதியதே அல்ல. ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய எரிக் போகிள் எழுதியது. கலிப்பொலிப் போரில் கால்களை இழந்த ஆஸ்திரேலியச் சிப்பாய் அதில் பேசுகிறான். 'டர்ட்டி ஓல்ட் டவுன்' சால்ஃபோர்ட் என்னும் இங்கிலாந்துத் தொழில்நகரைப் பற்றி யுவன் மெக்கால் எழுதிய பாட்டு. இதே ஆல்பத்தில் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' பாடலை ஸ்டேசியும், இன்னொரு நாட்டுப்புறப் பாடலை அன்றைய பேஸ் கலைஞர் காட் ஓ'ரியர்டனும் பாடினார்கள். குழுவின் தலைசிறந்த ஆல்பம் என்று பலர் சொல்லும் இதில் மூன்று பேர் குரல் இருக்கிறது. பிறர் எழுதியவையும் மரபுப் பாடல்களும் தாராளமாக இருக்கின்றன.

நம் அகப்பாடல் மரபில் பழகிய வாசகருக்கு இங்கே ஒரு கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. பாட்டில் பேசுபவர் புலவர் அல்லர். அது தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்று தெரிந்த பிறகே பாட்டு திறக்கிறது. போக்ஸின் சிறந்த பாடல்கள் எல்லாமே இந்த வகையில் கூற்றுகள். மெக்கவனின் மேதைமை, தன்னைப் பற்றிப் பாடியதில் இருக்கவில்லை. கிழவன், சிப்பாய், தெருப்பையன், சிறைக் கொட்டடியில் கிறிஸ்துமஸ் இரவைக் கழிக்கும் குடிகாரன் என யாராகவும் மாறி, மாறியது தெரியாமல் பாடியதில் இருந்தது. அவருடைய வாழ்க்கைக் கதை ஊருக்கே தெரிந்திருந்ததால் எல்லாப் பாத்திரங்களும் அவரே என்று கேட்பவர்கள் எண்ணிக்கொண்டார்கள். அதுவே பின்னால் வந்த மதிப்பீடுகளைக் கெடுத்தது. பாத்திரத்தை ஆளாக எடுத்துக்கொண்டவர்களுக்கு, ஆள் போனதும் எல்லாம் போனதாகத்தானே தோன்றும்.

இதற்குச் சரியான உரைகல் ஷெவ்ரானின் 'தௌசண்ட்ஸ் ஆர் செய்லிங்'. மெக்கவன் எழுதாதது, ஆனால் அதில் இறந்துபோன புலம்பெயர்ந்தோரின் ஆவிகளிடம் கேள்வி கேட்கும் ஒரு குரலும், 1980களின் நியூயார்க்கில் நடந்து திரியும் ஒரு குரலும் இருக்கின்றன. ஒலிப்பதிவில் அதைப் பாடியவர் மெக்கவன். மறுகூடலுக்குப் பின்வந்த கச்சேரிகளில் ஷெவ்ரானே பாடினார். பாட்டு எதையும் இழக்கவில்லை. 2013இல் ஷெவ்ரான் மறைந்தபின் வேறு குரல்களும் அதை எடுத்துக்கொண்டன. உள்ளே கூற்று வலுவாக இருந்தால் பாடுபவர் மாறலாம்.

இப்போது 'ட்யூஸ்டே மார்னிங்' பாடலுக்குத் திரும்பலாம். ஓர் ஆண் தன் காதலைச் சொல்கிறான். மெட்டு அருமை, அக்கார்டியன் திரும்பத் திரும்ப எழுந்து வரும் இடம் இன்பமானது. ஆனால் பேசுபவன் யார் என்று கேட்டால் விடையில்லை. பெரும்பாலான பாப் பாடல்களில் இருக்கும் அந்தப் பொதுவான 'நான்'தான் அவன். அவனுக்கு ஊரில்லை, தொழிலில்லை, வயதில்லை. ஆல்பத்தின் பல பாடல்களும் இப்படியே. இடப்பெயர்கள் இருக்கின்றன, அங்கே ஆட்கள் இல்லை. 'டிரங்கன் போட்' விலகி உயர்ந்து நிற்பதற்கும் இதுவே காரணம்: அதில் ஒரு பயணம் இருக்கிறது, பயணத்தில் பலர் இருக்கிறார்கள். இழந்தது மெக்கவனின் தொண்டையையோ பேனாவையோ அல்ல, பிறராக நின்று பாடும் பழக்கத்தை. அந்தப் பழக்கத்தை அவர்தான் குழுவுக்குள் உயிரோடு வைத்திருந்தார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது அவருடைய கண்டுபிடிப்பல்ல. அயர்லாந்து நாட்டுப்புறப் பாட்டின் பொதுச்சொத்து.

5. டப்ளினர்ஸ் காட்டிய வழி

இந்தப் பொதுச்சொத்தை நிர்வகிக்கத் தெரிந்த ஒரு குழு போக்ஸுக்கு மிக அருகிலேயே இருந்தது. 1962இல் டப்ளின் நகரில் ஓ'டோனஹூ குடிக்கூடத்தில் உருவான 'த டப்ளினர்ஸ்', தொடக்கத்தில் அதன் பாடகர் ரோனி ட்ரூவின் பெயரிலேயே அழைக்கப்பட்ட குழு. அவர் 1974இல் விலகினார். குழு நிற்கவில்லை, ஜிம் மெக்கேன் வந்தார். 1979இல் ட்ரூ திரும்ப வந்தார். 1984இல் குழுவின் இன்னொரு பாடகர் லூக் கெல்லி இறந்தார். அயர்லாந்தின் மாபெரும் பாடகர் என்று இன்றும் பலர் கருதுகிறவர் அவர். அதன் பிறகும் குழு பாடியது. கெல்லியின் பாடல்களைப் பிறர் பாடினார்கள். 1995இல் ட்ரூ மறுபடி போனார், அப்போதும் பாடியது. இவற்றையெல்லாம் அயர்லாந்து ரசிகர்கள் துரோகமாகப் பார்க்கவில்லை. பாட்டு பாடகருக்கு முன்னாலும் இருந்தது, பின்னாலும் இருக்கும் என்பது அந்த உலகத்தின் அடிப்படை நம்பிக்கை.

போக்ஸ் இதை அறியாதவர்கள் அல்லர். 1987இல் டப்ளினர்ஸோடு சேர்ந்து அவர்கள் பதிவுசெய்த 'தி ஐரிஷ் ரோவர்' பிரிட்டனின் முதல் பத்தில் வந்தது. மெக்கவனும் ட்ரூவும் அதில் மாறி மாறிப் பாடினார்கள். டெர்ரி வுட்ஸ் அயர்லாந்து ஃபோக் இசையின் முன்னோடிகளான ஸ்வீனீஸ் மென் குழுவிலிருந்து வந்தவர். 1988இன் இருபகுதிப் பாடல் ஒன்றில் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் சாரோ' பகுதியை அவர்தான் எழுதிப் பாடினார். அதைத் தொடரும் 'பர்மிங்காம் சிக்ஸ்' பகுதியை மெக்கவன். பொய்க்குற்றச்சாட்டில் சிறையிலிருந்தவர்களைப் பற்றிய அந்தப் பாடலுக்கு பிரிட்டனின் ஒலிபரப்பு அதிகாரிகள் தடை விதித்தார்கள். ஒரே பாடலை இரண்டு குரல்கள் பங்கிட்டுக்கொண்ட நல்ல எடுத்துக்காட்டு அது. இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு, மெக்கவனை விலக்கியதும் குழு எடுத்த முடிவு ராக் இசையுலகின் முடிவு: நாற்காலி காலியாகிவிட்டது, ஒருவரை உட்கார வைக்க வேண்டும். முதலில் ஸ்ட்ரம்மர், பின்பு ஸ்டேசி. பிறகு புதிய பாடல்கள், எல்லாம் சொந்தமாக எழுதியவை, பெரும்பாலும் ஒருவர் குரலில். மரபுப் பாடல்களும் பிறர் பாடல்களும் அவர்கள் ஆல்பங்களின் முதுகெலும்பாக இருந்த காலத்தில் எப்போதும் ஒருவரே பாடியதில்லை. ஒருவரே பாட வேண்டிய நிலையில் வேறு யாருடைய பாடலையும் எடுக்காமல் விட்டார்கள். இந்தத் தலைகீழ் மாற்றம்தான் 'வெயிட்டிங் ஃபார் ஹெர்ப்' ஆல்பத்தின் உண்மையான பிரச்சினை.

'போக் மஹோன்' இதை ஓரளவு உணர்ந்ததுபோல் தோன்றுகிறது. அதற்குள் ஃபியர்ன்லி, வுட்ஸ், ஷெவ்ரான் மூவரும் போய்விட்டார்கள். பழைய ஆட்களில் எஞ்சியவர்கள் ஸ்டேசி, ஃபைனர், ராங்கன், ஹன்ட். ஜேம்ஸ் மெக்நல்லி, ஜேமி கிளார்க், டேவிட் கூல்டர் என மூன்று புதியவர்கள். தலைப்பாகக் குழுவின் முதல் பெயரையே வைத்தார்கள். பிறர் பாடல்களும் திரும்பி வந்தன. ஆனால் எடுத்தவை பாப் டிலனின் 'வென் த ஷிப் கம்ஸ் இன்', ரோனி லேனின் 'ஹவ் கம்'. இரண்டும் நல்ல பாடல்கள். ஆனால் மரபின் கிடங்குக்குப் போகாமல் ராக் பாடலாசிரியர்களின் அலமாரிக்குப் போனார்கள். அரைப்படி ஏறி நின்றுவிட்டார்கள். ஆல்பம் விற்கவில்லை. ஃபைனர் விலக முடிவெடுத்ததும் கதை முடிந்தது. (அவர் பிறகு ஆயிரம் ஆண்டுகள் திரும்ப வராமல் ஒலிக்கும் 'லாங்ப்ளேயர்' என்ற இசைப்படைப்பை 1999 டிசம்பர் 31 அன்று லண்டனில் தொடங்கிவைத்தார். நான்கு நிமிடப் பாடலுக்கு எதிர்த்திசையில் இதைவிடத் தொலைவு போக முடியாது.)

6. மறுப்புகள்

முதல் மறுப்பு அயர்லாந்து அடையாளம் பற்றியது. மெக்கவன் போனதும் குழுவின் அயர்லாந்துத்தன்மை போய்விட்டது; ஸ்டேசி, ஃபைனர், ஃபியர்ன்லி, ராங்கன் எல்லாரும் இங்கிலாந்துக்காரர்கள்; அவர்கள் எப்படி அந்தப் பாட்டைத் தொடர முடியும் என்பது. இது மேலோட்டமாகப் பார்க்க வலுவானது. ஆனால் மெக்கவனே 1957 கிறிஸ்துமஸ் நாளில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். சிறுவயதில் டிப்பரரியில் தாய்வழி உறவினரிடம் இருந்த காலமும் லண்டன் தெருக்களும் சேர்ந்துதான் அவரை உருவாக்கின. 'வெயிட்டிங் ஃபார் ஹெர்ப்' ஆல்பத்தில் டப்ளின்காரர்களான ஷெவ்ரானும் வுட்ஸும் இருந்தார்கள். பிறப்புச் சான்றிதழை வைத்துப் பார்த்தால் 1993இன் குழு 1984இன் குழுவைவிடக் கூடுதலாக அயர்லாந்துக் குழு. 'ஹெல்ஸ் டிச்'சில் தாய்லாந்தையும் ஸ்பெயின் கவிஞர் லோர்காவையும் பாடி, அயர்லாந்திலிருந்து முதலில் விலகியவர் மெக்கவன்தான்.

இருந்தாலும் இந்த மறுப்புக்குள் ஓர் உண்மை இருக்கிறது. அதை ஏற்க வேண்டும். காலம் மாறிற்று. 1980களின் லண்டனில் அயர்லாந்துப் பேச்சுவழக்கோடு வாய்திறப்பவர் வெடிகுண்டு வைப்பவராகச் சந்தேகிக்கப்பட்டார். 1974இன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் அந்தச் சந்தேகத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்திருந்தது. அந்தச் சூழலில் குடிகார ஐரிஷ்காரன் என்னும் வசைச்சித்திரத்தையே எடுத்து மேடையில் உரக்கப் பாடியது ஓர் அரசியல் செயல். 1991 மார்ச்சில் பர்மிங்காம் கைதிகள் அறுவர் விடுதலையானார்கள். 1994 ஆகஸ்டில் அயர்லாந்து ஆயுதக்குழுவான ஐஆர்ஏ போர்நிறுத்தம் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் யூரோவிஷன் பாட்டுப்போட்டியின் இடைவேளையில் 'ரிவர்டான்ஸ்' நடனம் அரங்கேறிற்று. அயர்லாந்துப் பண்பாடு பளபளக்கும் ஏற்றுமதிச் சரக்காக மாறிற்று. போக்ஸ் எதிர்த்துப் பாடிய அவமானம் கரையத் தொடங்கியிருந்தது. மெக்கவன் குழுவிலேயே இருந்திருந்தாலும் 1985இன் ஆல்பத்தை 1993இல் யாராலும் செய்திருக்க முடியாது. போப்ஸ் குழுவோடு அவர் செய்தவையே இதற்குச் சாட்சி. ஆகவே பின்வந்த இரண்டு ஆல்பங்களின் தளர்ச்சியில் ஒரு பங்கை இந்த மாற்றத்தின் கணக்கிலும் எழுத வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஒலிப்பதிவு நிறுவனத்துக்குப் புதிய பாடல்கள் வேண்டும், சுவரொட்டியில் ஒரு முகம் வேண்டும். டப்ளினர்ஸ் போல மரபுப் பாடல்களைப் பங்கிட்டுப் பாடும் ஆல்பத்தை 1993இல் யார் வெளியிடுவார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பழைய பாட்டு, இரண்டு குழுக்களின் குரலில், முதல் பத்தில் வந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது. அதைவிட முக்கியம்: புதிய பாடல் எழுதுவதற்கும் கூற்றுமுறைக்கும் பகையே இல்லை. ஷெவ்ரானும் ஃபைனரும் அப்படி எழுதக்கூடியவர்கள் என்று ஏற்கெனவே காட்டியிருந்தார்கள்.

மூன்றாவது மறுப்பு என் வாதத்தை நேரே குத்துவது. 2023 நவம்பர் 30 அன்று மெக்கவன் இறந்தார். 2024 மே மாதம் ஸ்டேசி, ஃபைனர், ஃபியர்ன்லி மூவரும் முதல் ஆல்பத்தின் நாற்பதாம் ஆண்டையொட்டி லண்டனின் ஹாக்னி எம்பயர் அரங்கில் கூடினார்கள். அயர்லாந்து ஃபோக் இசையின் இளைய தலைமுறையைச் சேர்ந்த பலர் ஆளுக்கொரு பாட்டாகப் பாடினார்கள். 2025இல் இரண்டாம் ஆல்பத்துக்காக இதே முறையில் சுற்றுப்பயணமும் போனார்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டியது என்று சொல்லும் வழி கிட்டத்தட்ட இதுதான். மறுப்பவர் கேட்கலாம்: இது வெறும் இரங்கல் அல்லவா? இறந்தவர் இல்லாத இடத்தில் யாரும் அவரோடு ஒப்பிடப்பட மாட்டார்கள். 1993இல் மெக்கவன் உயிரோடு, சில தெருக்கள் தள்ளி, வேறு குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். அவர் பாடல்களை அப்போது பலர் பங்கிட்டுப் பாடியிருந்தால் அது பங்காளிச் சண்டையாகத் தெரிந்திருக்கும்.

இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரங்கலின் வெப்பம் அந்த மேடைகளுக்கு உதவுகிறது. ஆனால் வெறும் இரங்கல் ஒரு கச்சேரிக்குத்தான் போதும். அதைத் தாண்டிச் சுற்றுப்பயணமாக நீளும்போது பாட்டு தன் காலில் நிற்க வேண்டும். நிற்கிறது, காரணம், பெண்களும் ஆண்களும் வெவ்வேறு ஊர்ப் பேச்சோடு அந்தப் பையனாகவும் சிப்பாயாகவும் மாறிப் பாட அந்தப் பாடல்கள் இடம் கொடுக்கின்றன. எதிர்ப்புறச் சோதனையும் ஒன்று உண்டு. 'போக் மஹோன்' ஆல்பத்தில் ஹன்ட் எழுதிய காதல் பாட்டு 'லவ் யூ டில் தி எண்ட்', 2007இல் 'பி.எஸ். ஐ லவ் யூ' என்னும் ஹாலிவுட் படத்தில் இடம்பெற்று, குழுவின் பெயரே தெரியாத ஏராளமானோரைச் சென்றடைந்தது. ஆளற்ற பாட்டும் பயணம் போகும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அது போன பாதையில் போக்ஸ் கூடவே போகவில்லை. எந்தக் குழு பாடியிருந்தாலும் அந்தப் படத்தில் அது அதே வேலையைச் செய்திருக்கும். 'ட்யூஸ்டே மார்னிங்' கொஞ்சம் வேறு. மறுகூடல் கச்சேரிகளில் மெக்கவன் மேடையின் ஓரம் ஒதுங்கும் இடைவெளிகளில் ஸ்டேசி அதைப் பாடுவார். கூட்டமும் கூடவே பாடும். குழுவின் பொதுக் கையிருப்பில் சேர்ந்துவிட்ட 1993இன் பாட்டு என்று உறுதியாகச் சொல்லத்தக்கது அது ஒன்றுதான். 'டிரங்கன் போட்' அங்கே சேர்ந்திருக்க வேண்டியது. அதற்கு வேறொரு குரல் இன்னும் வரவில்லை.